சபையை விட்டவர் சமயத்தை விட்டவரா?

‘பின்மாற்றக்காரர்’ என்றொரு சொல் தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கில் உண்டு. இறைவனை அறிந்த பின்னர் அவரைக் கைவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பியவரைக் குறிக்கப் பிறந்த சொல் அது. இன்றோ, நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், கட்டுப்பாடு மிகுந்த ஒரு சபையில் பல்லாண்டு இருந்து, மனம் ஒப்பாமல் வெளியேறி, வேறொரு சபையைத் தேடி நடப்பவர் மீது அச்சொல் வீசப்படுகின்றது. அவர் இறைவனைக் கைவிடவில்லை. வேதநூலை மூடி வைக்கவில்லை. ஒரு கூடத்திலிருந்து எழுந்து இன்னொரு கூடத்திற்குச் செல்ல விரும்பினார், அவ்வளவே. அதற்கு இத்தனை பெரிய பழியா? சொல்லின் பொருளைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு சொல் தன் பொருளை இழந்து கல்லெறியாக மாறுவதைக் கண்டும் வாளா இருக்கலாமா?

நான் எந்தச் சபையைச் சார்ந்தவன் என்பது இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று. எச்சமயத்தைச் சார்ந்த ஆசிரியரும் தம் மாணாக்கர் வழியாக எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் இது. ஒரு சபையின் தகுதியை நாம் வழக்கமாக அதன் நுழைவாயிலில் நின்று அளக்கின்றோம். எத்துணை அன்பாக வரவேற்கின்றனர், எத்துணை உருக்கமாகப் பாடுகின்றனர், எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தனர் என்று கணக்கிடுகின்றோம். அளக்க வேண்டிய இடம் வெளிவாயில். ‘நான் விடைபெறுகின்றேன்’ என்று கூறும் ஒருவரை அச்சபை எவ்வாறு நடத்துகின்றது என்பதே அதன் உண்மை முகத்தைக் காட்டும். இதுவே என் வாதம்.

முதலில் நடுவுநிலை தவறாது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்டுப்பாடு மிகுந்த சபைகள் யாவும் தீயவை என்று கூறுவோர் நம் தோட்டப்புற வரலாற்றை அறியாதவர். அந்நாளில் மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை எத்தனைக் குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பதை மூத்தோர் அறிவர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. அத்தகைய சூழலில், ‘குடிக்காதே, சூதாடாதே, மனைவியை அடிக்காதே, ஞாயிறு தோறும் தூய உடை உடுத்தி வா’ என்று கண்டிப்போடு கட்டளையிட்ட சபைகள் பல குடும்பங்களை நிமிர்த்தின. குடியை விட்ட தந்தையின் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். எழுதப் படிக்க அறியாத தாய்மார் வேதநூலைப் படிக்கும் ஆவலால் தமிழ் எழுத்தைக் கற்றனர். இந்த நன்மையை மறுப்பவன் நன்றி மறந்தவன்.

ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். 1920களில் இலங்கையில் தோன்றியது சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்திலிருந்து இலங்கை சென்ற இராமன்குட்டி, பின்னாளில் பாஸ்டர் பால் என அறியப்பெற்றவர், அதை நிறுவியோருள் முதன்மையானவர். இலங்கை, தமிழ்நாடு, மலாயா எனத் தமிழர் வாழும் நிலங்களில் அது பரவிற்று. 1984இல் ‘தி பெந்தெகொஸ்தே மிஷன்’ எனப் பெயர் மாறிற்று. அதன் முழுநேர ஊழியர் திருமணம் செய்துகொள்வதில்லை, வெண்ணுடை உடுப்பர், உடைமைகளைத் துறந்து ‘விசுவாச வீடு’ எனப்படும் இல்லங்களில் கூடி வாழ்வர், நோயுற்ற காலத்தில் மருந்தை நாடாது இறைவேண்டலையே நாடுவர். துறவின் பெருமையை அறிந்த தமிழினம் இத்தகைய வாழ்வைக் கண்டு வியந்ததில் புதுமை இல்லை. தம் உடலையும் உடைமையையும் தாமே ஒறுத்து வாழ்பவரைப் பழிக்க எனக்கு நாவெழவில்லை.

ஆயினும் எந்தச் சபையாயினும் சரி, ஒரு வினாவுக்கு அது விடை கூறியாக வேண்டும். துறவு என்பது ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. அதையே பிறர் தோளில் ஏற்றினால் அதன் பெயர் தண்டனை. தமக்கு மருந்து வேண்டா என்று மறுப்பவர் தம் உயிரைப் பணயம் வைக்கின்றார். காய்ச்சலில் துடிக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு மருந்து வேண்டா என்பவர் யாருடைய உயிரைப் பணயம் வைக்கின்றார்? மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் அதை மறுத்தால் அப்பிள்ளையைப் பாதுகாப்புக்குரிய பிள்ளையாகக் கருத இடம் தருகின்றது. சட்டம் அறிந்த இந்த உண்மையைச் சமயப் பற்றாளர் அறியாதிருக்கலாமா?

ஆகவே கண்டிப்பு உண்டா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை. கண்டிப்பு யார் மீது விழுகின்றது, அதை ஏற்க மறுப்பவருக்கு என்ன நேர்கின்றது என்றே கேட்க வேண்டும். இதற்கு நம் வரலாற்றிலேயே இரு பாடங்கள் உள்ளன.

முதற் பாடம் சாதி பற்றியது. 1850இல் சென்னை மாகாணத்து மிஷனரிமார் பலர் கூடி, திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுப்பதில்லை என்று அறிவித்தனர். அது கடுமையான கண்டிப்புத்தான். திருவிருந்தில் எல்லாரோடும் ஒரே கிண்ணத்தில் பருக மனமில்லாத மேற்சாதிக் கிறிஸ்தவர் பலர் அக்காலத்தில் ஆங்கிலிக்கன் சபையை விட்டு நீங்கி, சாதி வழக்கத்தில் நெகிழ்வு காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனை நாடினர். அவர்களும் கண்டிப்பைத் தாளாமல் வெளியேறியவர்களே. ஆயினும் அவர்கள் தாளாதது எது? தமக்குக் கீழ் என்று தாம் கருதியவரோடு சமமாக அமர்வதையே தாளவில்லை. அக்கண்டிப்பு வலியவரை வளைத்தது, எளியவரை நிமிர்த்திற்று. அதைக் கொடுமை என்று யார் சொல்வார்? வெளியேறியவர் என்பதற்காகவே ஒருவர் நியாயவாதி ஆகிவிடுவதில்லை என்பதற்கும் இது சான்று.

இரண்டாம் பாடம் திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்தது. நாசரேத் வட்டாரத்தில் அருமைநாயகம் என்றொரு உபதேசியார் இருந்தார். சட்டாம்பிள்ளை என்பது அவர்க்கு வழங்கிய பெயர். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளை மேற்பார்க்கும் மூத்த மாணாக்கனைச் சட்டாம்பிள்ளை என்பர் என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய மிஷனரியின் அதிகாரத்தோடு முரண்பட்டு வெளியேறிய அவர், 1857இல் தம்மைப் பின்பற்றியோருடன் இந்து கிறிஸ்தவ சபையைத் தோற்றுவித்தார். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதியவை அச்சமூகத்தாரிடையே மூட்டிய மனக்கசப்பும் அப்பிரிவினைக்கு உரமாயிற்று. வெளிநாட்டார் பணமும் வேண்டா, ஆட்சியும் வேண்டா என்று தன் காலில் நின்ற அச்சபையின் நிமிர்வு போற்றத்தக்கது. ஆயின், அச்சபையும் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கிப் பழைய ஏற்பாட்டு விதிகள் பலவற்றை மீண்டும் உயிர்ப்பித்துத் தனக்கென ஒரு வேலி கட்டிக்கொண்டது. ஒரு வேலியைத் தாண்டியவர் அடுத்த நிலத்தில் தம் கையாலேயே மற்றொரு வேலி நடுவது மனித இயல்பு. இன்று சபை தேடி அலைவோர் இதை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

வெளிவாயில் அடைபட்டால் விளைவு எத்துணைக் கொடிது என்பதற்கு உலகம் சான்று கூறும். 1978 நவம்பரில் தென்னமெரிக்காவின் கயானா நாட்டில், ஜிம் ஜோன்ஸ் என்பவரின் ‘மக்கள் ஆலயம்’ என்ற கூட்டத்தார் 900க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் மாண்டனர். அவர்களைக் காணச் சென்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரயனோடு சிலர் வெளியேற முயன்றனர். விமான தளத்தில் அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; அதன் பின்னரே அந்தப் பெருஞ்சாவு நிகழ்ந்தது. 2023இல் கென்யாவின் ஷகஹோலாக் காட்டில், பட்டினி கிடந்தால் இறைவனைக் காணலாம் என்ற போதனைக்கு இரையானோரின் உடல்கள் 400க்கும் மேலாகத் தோண்டி எடுக்கப்பட்டன. நம்மிடையே உள்ள கண்டிப்பான சபைகளை இவற்றோடு ஒப்பிடுவது அறமாகாது, நான் ஒப்பிடவில்லை. வெளியேறுதல் குற்றம் என்று எண்ணத் தொடங்கும் கூட்டம் எத்திசையில் நடக்கின்றது என்பதை மட்டுமே சுட்டுகின்றேன்.

‘வெளியேறுவோரை வாழ்த்தி அனுப்பினால் ஒழுங்கு குலைந்துவிடாதா? சிறு கண்டிப்புக்கே எல்லாரும் மூட்டை கட்டிவிடுவரே!’ என்று சபைத் தலைவர் கேட்கலாம். இவ்வினாவுக்கு ஒரு தலைமையாசிரியன் விடை கூற வல்லவன். ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் சிலர் என் மேசையின் முன் அமர்ந்து, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கின்றனர். மாணாக்கர் எண்ணிக்கை குறைந்துவரும் தமிழ்ப்பள்ளியின் தலைவனுக்கு அது எத்துணை வேதனை என்பதைச் சக ஆசிரியர் அறிவர். காரணம் கேட்கின்றேன், தமிழ்ப்பள்ளியின் சிறப்பை எடுத்துரைக்கின்றேன். அவர் மனம் மாறாவிடில் மாற்றலுக்குரிய தாளில் கையொப்பம் இட்டு, பிள்ளையின் தலையைத் தொட்டு வாழ்த்தி அனுப்புகின்றேன். ‘இப்பள்ளியை விட்டால் உனக்குக் கல்வியே வராது’ என்று நான் அப்பிள்ளையைச் சபித்தால் என்னை ஆசிரியன் என்று எவரேனும் மதிப்பரா? அப்பிள்ளையோடு பேசக்கூடாது என்று வகுப்புத் தோழரைத் தடுத்தால் கல்வி அலுவலகம் என்னைச் சும்மா விடுமா? பிள்ளைகளை அனுப்பிவைத்ததால் எந்தப் பள்ளியிலும் ஒழுங்கு குலைந்ததில்லை. மாறாக, ஏன் செல்கின்றனர் என்று எண்ணிப் பார்த்த பள்ளிகளே சீர்திருந்தின.

வேதநூலும் இதற்கு மாறாகப் பேசவில்லை. சீடர் பலர் தம்மை விட்டு நீங்கிய வேளையில், இயேசு எஞ்சிய பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போக விரும்புகின்றீர்களோ என்று வினவியதாக யோவான் நற்செய்தி கூறுகின்றது. அவர் கதவைத் தாழிடவில்லை. ஊதாரி மைந்தன் கதையில் தந்தை பங்கைப் பிரித்துக் கொடுத்து மகனைப் போகவிட்டார், உறவை அறுக்கவில்லை, வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார். பெரோயா நகரத்தார் பவுல் போதித்ததையே வேதநூலோடு ஒப்பிட்டு நாள்தோறும் ஆராய்ந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் பாராட்டுகின்றது. அப்போஸ்தலனின் பேச்சையே சோதித்துப் பார்க்க இடமிருந்ததென்றால், இன்றைய போதகரின் பேச்சைச் சோதிப்பது மட்டும் எப்படிக் கிளர்ச்சியாகும்?

இனி, வெளியேறியவர் எங்கே செல்கின்றார் என்பதைக் காண்போம். ரப்பர்த் தோட்ட நிலத்தில் 1950களின் தொடக்கத்தில் துணை நகராக எழுந்து, 2006இல் மாநகரான பெட்டாலிங் ஜெயாவில் சபைகளுக்குப் பஞ்சமில்லை. உயர்ந்த கோபுரச் சிலுவையோடு நிற்கும் ஆலயங்களும் உண்டு. கடைவீட்டு மேல்மாடியிலும் தொழிற்பேட்டைக் கட்டடத்திலும் கூடும் சபைகளும் உண்டு. ஆனால் அவருக்கு அங்கெல்லாம் கிடைக்கும் வரவேற்பைப் பாருங்கள். ஒரு சபை அவரைப் போர்ப்பரிசாக மேடையேற்றி, பழைய சபையின் குறைகளைச் சாட்சியாகக் கூறச் சொல்லும். மற்றொன்று, முன்பு பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று கூறி மீண்டும் நீரில் இறங்கச் சொல்லும். வேறொன்று, பழைய போதகரின் கடிதம் இன்றி உறுப்பினராக ஏற்க இயலாது என்று கைவிரிக்கும். எந்தப் போதகரிடமிருந்து தப்பி வந்தாரோ அவரிடமே சென்று கடிதம் வாங்கி வா என்பது என்ன நீதி?

என்னிடம் பயின்ற ஒருவர், முப்பது வயதைக் கடந்தபின், தாம் பிறந்து வளர்ந்த சபையை விட்டார். எந்தச் சபை என்பது இங்கு வேண்டா. தம் தங்கையின் திருமணத்தில் அவர் பந்தலின் கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருந்தார். பெற்ற தாய் அவர் அருகில் வர அஞ்சினார். பின்னர் ஈராண்டில் அவர் ஐந்து சபைகளுக்குச் சென்று பார்த்தார். ‘ஐயா, எல்லா இடத்திலும் என் கதையைக் கேட்கின்றார்கள், யாரும் என்னைப் பின்வரிசையில் சும்மா உட்கார விடவில்லை’ என்று அவர் கூறிய சொல் என் செவியில் இன்றும் ஒலிக்கின்றது. காயம்பட்டவருக்கு முதலில் வேண்டியது மேடையன்று. ஒரு நாற்காலியும், எவரும் கேள்வி கேட்காத சில ஞாயிற்றுக்கிழமைகளுமே.

புதுச் சபை தேடுவோர்க்கு நான்கு வினாக்களைக் கையில் கொடுக்க விரும்புகின்றேன். முதலாவது, போதகரிடம் ஐயம் கேட்டால் அவர் விடை கூறுகின்றாரா, சினக்கின்றாரா? இரண்டாவது, காணிக்கைக்கும் தசமபாகத்திற்கும் கணக்கு உறுப்பினர் முன் வைக்கப்படுகின்றதா? 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பு ஆண்டறிக்கை அனுப்பக் கடமைப்பட்டது; அரசுக்குக் காட்டும் கணக்கை அடியார்க்குக் காட்டத் தயங்குவது ஏன்? மூன்றாவது, உறுப்பினர் அல்லாத உறவினரோடும் நண்பரோடும் பழகத் தடை உண்டா? நான்காவது, சென்ற ஆண்டு இச்சபையை விட்டுச் சென்றவரைப் பற்றி இங்குள்ளோர் எவ்வாறு பேசுகின்றனர்? நான்காம் வினாவுக்குக் கிடைக்கும் விடை மற்ற மூன்றையும் விளக்கிவிடும். இவற்றை ஆராயும்வரை ஞானஸ்நானத்திற்கும் உறுப்பினர் ஒப்பந்தத்திற்கும் விரைய வேண்டா. ஓராண்டு பொறுத்தால் இறைவன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சட்டத்திற்கு அஞ்சவும் வேண்டா. கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு தம் சமயத்தைக் கைக்கொண்டு ஒழுகும் உரிமையை அளிக்கின்றது. ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குச் செல்லும் கிறிஸ்தவர் எந்த அலுவலகத்திலும் அனுமதி பெற வேண்டியதில்லை. அச்சம் சட்டத்திலிருந்து வரவில்லை; சுற்றத்தாரின் வாயிலிருந்தே வருகின்றது.

இறுதியாக, தமிழாசிரியர்களாகிய நமக்கு நெஞ்சு சுடும் ஒன்று உண்டு. கண்டிப்பான சபையை விட்டு வெளியேறும் இளைஞர் பலர் தமிழ்ச் சபை எதையும் நாடாமல் ஆங்கிலச் சபைக்குச் செல்கின்றனர். ஆங்கிலத்தில் வழிபடுவது குற்றமன்று. ஆயினும் அவர்கள் செல்லும் காரணத்தைக் கேளுங்கள். ‘தமிழ்ச் சபை என்றாலே குறுகிய மனம்’ என்பர். அவர்களை அச்சுறுத்திய குரல் தமிழில் ஒலித்ததால், தமிழையே அச்சத்தின் மொழியாகக் கொண்டுவிட்டனர். இதைவிடப் பெரிய அவதூறு நம் மொழிக்கு வேறுண்டா? குறவஞ்சியைக் கிறிஸ்தவ நெறிக்கு ஆக்கிப் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரின் மொழி தமிழ். கத்தோலிக்கராயிருந்தும் எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் மொழி தமிழ். வைணவத்திலிருந்து வந்த பின்னும் கம்பனின் நடையை நெஞ்சில் ஏந்தி இரட்சணிய யாத்திரிகம் தந்த கிருஷ்ண பிள்ளையின் மொழி தமிழ். இத்தகைய பரந்த முற்றத்தை உடைய மொழியை ஒரு சிற்றறையாகக் காட்டியவர் யார்?

புடு அந்தோணியார் ஆலயம் முதல் பிரிக்பீல்ட்ஸ் சியோன் லுத்தரன் ஆலயம் வரை, தமிழில் வழிபாடு நடக்கும் இடங்கள் நம் வட்டாரத்தில் பல உள்ளன. அவற்றின் பெரியோர்க்கு என் வேண்டுகோள் இது: தயங்கித் தயங்கி வந்து பின்வரிசையில் அமரும் அந்நியரை உசாவாதீர், பாட்டுப் புத்தகத்தை மட்டும் நீட்டுங்கள். அவர் மூன்றாம் வாரம் வாரா விட்டாலும் பழிக்காதீர். பழைய சபையாரைப் பற்றி அவர் முன் இழிவாகப் பேசாதீர். அங்கே அவர் தாய் இருக்கின்றார்.

ஆசிரியர்களே, மாணவர்களே! எப்பொருளைக் கேட்டாலும் மெய்யை ஆராய்க என்னும் வள்ளுவர் நெறியை வகுப்பறையில் கற்பிக்கின்றோம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் வழங்குகின்றோம். அவ்வாறு ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்த இளைஞனை வீதியில் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வோமானால், நாம் கற்பித்தது வெறும் மனப்பாடம் என்றாகிவிடும். உங்கள் வகுப்பில், உங்கள் குடியிருப்பில், உங்கள் குடும்பத்தில் அத்தகைய ஒருவர் இருக்கலாம். அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். ‘பின்மாற்றக்காரர்’ என்று எவரேனும் கூறினால், அச்சொல் இவருக்குப் பொருந்தாது என்று திருத்துங்கள். பிழையான சொல்லைத் திருத்துவது நம் தொழில்.